தாளாளர் இல்லாத பள்ளிக்கூடம்: கொங்கிலிருந்து அமெரிக்கா போகும் பெற்றோருக்கு

கோபியிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ தனியார் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் நம் வீதிக்குள் வர வேண்டுமா, பிள்ளையை வேறு செக்‌ஷனுக்கு மாற்ற வேண்டுமா, கட்டணத்துக்குக் கொஞ்சம் தவணை வேண்டுமா, நேராகத் தாளாளர் அறைக்குப் போய்விடுவோம். அவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார், இல்லாவிட்டால் மாமனுக்கோ மச்சானுக்கோ தெரிந்தவராக இருப்பார். "சரிங்க, பார்த்துக்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. விதியைப் போட்டவரும் அவர், தளர்த்துகிறவரும் அவர். ஹெட்மாஸ்டர் நடுவில் கையெழுத்துப் போடுகிறவர், அவ்வளவுதான்.

டல்லாஸ் பக்கமோ ஆஸ்டின் பக்கமோ வேலை கிடைத்து ஜூன், ஜூலையில் விமானம் ஏறுகிற நம் குடும்பங்கள் அங்கேயும் முதலில் தேடுவது அந்த ஓர் ஆளைத்தான். அப்படி ஒருவர் அங்கே கிடையாது. விதி எழுதுகிறவர்கள் ஒரு கூட்டம், அதை நடத்துகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. இது பிடிபட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். டெக்சாஸில் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் அந்த மாநிலத்தை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். வேறு மாநிலம் போகிறவர்களுக்கு எண்ணிக்கையும் பெயர்களும் மாறும், அடிப்படை அதேதான்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாக வட்டாரத்துக்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். அப்படி ஏறக்குறைய 13,000 பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகள் இருக்கின்றன. நம் ஊர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். ஹவாய் மாநிலம் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட். வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில் போகும் தமிழர்கள் பெரும்பாலும் வேக் கவுண்டி என்ற ஒரே பெரிய டிஸ்ட்ரிக்ட்டுக்குள் வருவார்கள். நியூஜெர்சியிலோ பெரும்பாலும் டவுன்ஷிப்புக்கு ஒன்று. டெக்சாஸில் ஊரின் எல்லையும் டிஸ்ட்ரிக்ட்டின் எல்லையும் பெரும்பாலும் பொருந்தாது. முகவரியில் ஃப்ரிஸ்கோ என்று இருக்கும். பிள்ளை போக வேண்டிய பள்ளி லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்ட்டிலோ ப்ராஸ்பர் டிஸ்ட்ரிக்ட்டிலோ இருக்கும். நாமக்கல் பள்ளி நல்ல பள்ளி என்றால் பவானியிலிருந்து பிள்ளையைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் விடலாம். அமெரிக்காவில் வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் அந்த முகவரியைப் போட்டு எந்தப் பள்ளி என்று பார்த்துவிடுங்கள். வீடு காட்டுகிறவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஒரு போர்டு. நம் தாத்தா காலத்தில் கோயமுத்தூர் ஜில்லா போர்டு நடத்திய பள்ளிகள் இருந்தன. பெரியவர்கள் இன்றைக்கும் "போர்டு ஐஸ்கூல்ல படிச்சேன்" என்பார்கள். அந்த ஜில்லா போர்டுக்கு ரோடும் பாலமும் கூடப் பொறுப்பு. அமெரிக்கப் பள்ளி போர்டுக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான். டெக்சாஸில் பெரும்பாலும் ஏழு பேர், டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற பெரிய இடங்களில் ஒன்பது பேர். டிரஸ்டி என்று பெயர். அந்த ஊர் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள், மூன்று அல்லது நான்கு வருடப் பதவி, டெக்சாஸில் சட்டப்படி சம்பளம் கிடையாது. வீட்டு மனை வியாபாரம் செய்கிறவர், இன்ஜினீயர், ஓய்வு பெற்ற ஆசிரியை என்று சாதாரண ஆட்கள்தான் இருப்பார்கள். சூப்பரின்டென்டென்ட் என்ற தலைமை நிர்வாகியை வேலைக்கு வைப்பது, கொள்கைகளை நிறைவேற்றுவது, பட்ஜெட்டும் வரி விகிதமும் முடிவு செய்வது, பள்ளி நாட்காட்டியை ஒப்புக்கொள்வது, எந்த வீதி எந்தப் பள்ளிக்கு என்று எல்லை வரைவது, இவை அவர்கள் வேலை. மற்றதெல்லாம் சூப்பரின்டென்டென்டும் அவருக்குக் கீழே பிரின்சிபல்களும் பார்த்துக்கொள்வார்கள்.

கீழ்பவானி ஆயக்கட்டுக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பருவம் ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா என்பது மேலே முடிவாகி ஆணையாக வருகிறது. மதகடியில் நின்று அதைத் திறந்து மூடுகிற லஸ்கரிடம் சண்டை போட்டால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடலாம், முறையை அவரால் மாற்ற முடியாது. ஆனால் திறந்த மதகில் செத்தை வந்து அடைத்துக்கொண்டால் அதற்காகச் சென்னைக்கு மனு எழுதிக்கொண்டிருக்க மாட்டோம், லஸ்கரைத்தான் கூப்பிடுவோம். நம் ஆட்கள் அமெரிக்கா போனதும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முறையை மாற்றச் சொல்லி பிரின்சிபலிடம் மன்றாடுவார்கள். செத்தை அடைத்ததற்கு டிரஸ்டிக்கு ஈமெயில் போடுவார்கள்.

டிரஸ்டி ஒருவர் பக்கத்து வீட்டுக்காரராகவே அமைந்தாலும் பயனில்லை. ஒரு டிரஸ்டிக்குத் தனியாக எந்த அதிகாரமும் கிடையாது. முறையாக அறிவித்த கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்து வாக்கெடுத்தால்தான் அது போர்டின் முடிவு. "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க" என்று நாம் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே பிரின்சிபலைப் பாருங்கள் என்பார். தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

ஒரு விதி மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது என்பதற்குக் கைப்பேசித் தடை நல்ல உதாரணம். 2025-இல் டெக்சாஸ் சட்டமன்றம், பள்ளி நேரத்தில் மாணவர்கள் போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆனால் சட்டம் அதோடு நின்றுவிட்டது. போனைப் பள்ளிக்கே கொண்டு வரக் கூடாதா, கொண்டு வந்தால் எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் தானே கொள்கையாக நிறைவேற்ற வேண்டும் என்றது. போர்டு அதை நிறைவேற்றியது. பையில் அணைத்து வைப்பதா, பூட்டுகிற உறையில் போடுவதா, பிடிபட்டால் எத்தனையாவது தடவைக்கு என்ன என்ற நடைமுறை சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்திலிருந்து வந்தது. அதைக் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று அமல்படுத்துவது உதவிப் பிரின்சிபல். ஏழாவது படிக்கிற மகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கோபம் வந்தால், உங்கள் கோபம் எதன் மேல் என்று பாருங்கள். தடையே தப்பு என்றால் அது மாநில சட்டமன்றம். வைக்கிற முறை சரியில்லை என்றால் டிஸ்ட்ரிக்ட். எழுதி வைத்ததற்கு மாறாக உங்கள் பிள்ளையிடம் மட்டும் கடுமையாக நடந்துகொண்டார்கள் என்றால் பிரின்சிபல். பிள்ளைக்குச் சர்க்கரை நோய், அளவைப் போனில்தான் பார்க்க வேண்டும் என்றால் அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டாக்டர் கடிதத்தோடு பள்ளி நர்ஸைப் பாருங்கள், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

எழுதி வைத்தது எங்கே இருக்கிறது? டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் கொள்கைத் தொகுப்பு முழுவதும் இருக்கும். டெக்சாஸில் எழுத்துக் குறியீடு வைத்து அடுக்கியிருப்பார்கள்: வருகைக்கு எஃப்.இ.ஏ., மதிப்பெண்ணுக்கு இ.ஐ.ஏ., பெற்றோர் புகாருக்கு எஃப்.என்.ஜி. ஒவ்வொன்றிலும் லீகல், லோக்கல் என இரண்டு பக்கம். லீகல் என்பது சட்டத்தின் சாரம், அதை போர்டால் மாற்ற முடியாது. லோக்கல் என்பது உங்கள் போர்டு நிறைவேற்றியது, மாற்றக் கூடியதும் அதுதான். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், வக்கீல் பாஷை. ஆனால் பிரின்சிபலிடம் பேசப் போகும் முன் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போகிற பெற்றோருக்கும் படிக்காமல் போகிறவருக்கும் கிடைக்கிற பதிலே வேறு.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது லீவில். பண்ணாரி குண்டம் பங்குனியில் வரும், தங்கை கல்யாணம் தையில் வரும், குலதெய்வத்துக்கு மொட்டை போட வேண்டியிருக்கும். அங்கே அப்போதெல்லாம் பள்ளி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் லீவு கேட்டு பிரின்சிபலிடம் போனால் அவர் கையை விரிப்பார். எதெல்லாம் அனுமதிக்கப்பட்ட லீவு என்பது மாநிலச் சட்டத்திலும் போர்டு கொள்கையிலும் இருக்கிறது. மதப் பண்டிகை நாளுக்கு லீவு கொடுத்தே ஆக வேண்டும். தீபாவளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், விட்டுப்போன பாடத்தை முடிக்கவும் அனுமதிக்க வேண்டும். பண்டிகைக்குப் பயணம் போகவும் சட்டத்தில் இடம் இருக்கிறது: போக ஒரு நாள், வர ஒரு நாள். டல்லாஸிலிருந்து சத்தியமங்கலம் வந்து சேர அந்த ஒரு நாள் எந்த மூலைக்கு?

மீதி நாட்கள் அனுமதியில்லாத லீவாகக் கணக்கில் ஏறும். ஆறு மாதத்துக்குள் அப்படிப் பத்து நாள் சேர்ந்தால் விவகாரம் கோர்ட் வரைக்கும் போகலாம், பெற்றோர் பேரிலும் வரலாம். வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் இல்லை, அதாவது அதை முடித்ததாகக் கணக்கில் வராது. 75 சதவீதமாவது வந்திருந்தால் மட்டும், பிரின்சிபல் ஒப்புக்கொள்கிற ஒரு திட்டப்படி பாடத்தை ஈடுகட்டி கிரெடிட் வாங்கலாம். பிரின்சிபலுக்கு எங்கே கை திறந்திருக்கிறது என்பதையும் சட்டமே இப்படிச் சொல்லிவிடுகிறது. "மூணு வாரம் விடுங்க" என்று கேட்பதை விட, "எத்தனை நாள் ஏற்கெனவே போயிருக்கிறது, ஈடுகட்டும் திட்டம் எப்படி" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து பேசுவார். முடிந்தால் ஊர்ப் பயணத்தைக் கோடை விடுமுறைக்கோ டிசம்பருக்கோ தள்ளுங்கள். மொட்டை போட்ட பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு போக வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு ஈமெயில் போதும், அது பள்ளி அளவிலேயே முடிகிற சமாச்சாரம். கடலைச் சட்னி, கடலை மிட்டாய் விஷயமும் அப்படித்தான்: ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக நிலக்கடலை இல்லாத மேசை போட்டிருப்பார்கள், சில வகுப்பில் கொண்டு வரவே கூடாது என்பார்கள். செக்கெண்ணெய் ஊரிலிருந்து போன நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். வகுப்பு ஆசிரியையிடம் கேட்டுவிட்டு டப்பா கட்டுங்கள்.

சரி, போர்டு வரைக்கும் போக வேண்டிய விஷயம் என்று ஒன்று வந்தால்? பெருந்துறைப் பக்கத்து அம்மிணி ஒருவர் கதையைச் சொல்கிறேன். டல்லாஸ் புறநகரில் புதுக் குடியிருப்பு. பள்ளி இரண்டு மைலுக்குள் இருந்ததால் பஸ் கிடையாது. ஆனால் நடுவில் ஆறு தட ரோடு. மூன்றாவது படிக்கிற பையன் அதை எப்படித் தாண்டுவான்? பிரின்சிபலிடம் போனார். அவர் பரிவோடு கேட்டுவிட்டு, பஸ் என் கையில் இல்லை என்றார். போக்குவரத்துப் பிரிவில் கேட்டபோதுதான் ஒரு சங்கதி தெரிந்தது: இரண்டு மைலுக்குள் இருந்தாலும் வழி ஆபத்தானது என்று போர்டு வரையறுத்த பட்டியலில் இருந்தால் பஸ் விடலாம். அந்த ரோடு பட்டியலில் இல்லை. அப்போது இது மதகடி விவகாரம் அல்ல, முறையையே மாற்ற வேண்டியது.

போர்டு கூட்டம் மாதம் ஒரு தடவை மாலையில் நடக்கும். நிகழ்ச்சி நிரலைச் சில நாட்களுக்கு முன்பே இணையத்தில் போட்டுவிடுவார்கள். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். இந்த அம்மிணி பக்கத்து வீடுகளில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எதிரே மேசையில் ஏழு பேர், ஓரத்தில் சூப்பரின்டென்டென்ட், முன்னால் ஒரு கடிகாரம். மூன்று நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. எழுதி வைத்திருந்ததைப் படித்து முடித்தார். தலைவர் நன்றி என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

அன்று இரவு பெருந்துறைக்குப் போன் போட்டு அப்பாவிடம் அழாத குறை: "ஒருத்தரும் வாயே தொறக்கலீங்கப்பா. கல்லாட்டம் உக்காந்திருந்தாங்க."

பேசக் கூடாது என்பதால்தான் பேசவில்லை. நிரலில் இல்லாத ஒரு விஷயத்தை யாராவது எழுப்பினால் போர்டு அங்கேயே விவாதிக்க டெக்சாஸின் திறந்த கூட்டச் சட்டம் இடம் கொடுக்காது. ஒரு தகவலைச் சொல்லலாம், இருக்கிற கொள்கையை எடுத்துச் சொல்லலாம், அடுத்த கூட்ட நிரலில் சேர்க்கலாமா என்று பேசலாம். முடிவு பொதுமக்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் நடந்துவிடக் கூடாது என்பது காரணம். மறுநாளே போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஆள் போன் செய்தார், காலை நேரத்தில் வந்து அந்த ரோட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கூட்டத்தில் அது நிரலில் வந்தது. அடுத்த கல்வியாண்டில் பட்டியலில் ரோடு இருந்தது, பஸ்ஸும் வந்தது. நம் ஊரில் தாளாளர் நினைத்தால் அடுத்த நாளே பஸ்ஸைத் திருப்பிவிட்டிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஒரு பையனுக்குத்தான் வந்திருக்கும். தாளாளரைத் தெரியாத வீட்டுப் பிள்ளை ரோடு ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நிரலில் இருக்கிற விஷயத்தைப் பற்றிப் பேச வருகிறவர்களைப் பேச விட்டே ஆக வேண்டும் என்று 2019-இல் டெக்சாஸில் சட்டம் வந்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுகிறவருக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஆத்தா தமிழில் பேசினாலும் ஆறு நிமிடம் உண்டு.

ஆசிரியரோடு ஏற்படும் மனத்தாங்கல், மதிப்பெண் தகராறு, தண்டனை போன்ற சொந்த விவகாரங்களை அந்த மைக் முன் கொண்டுபோக வேண்டாம். அதற்குப் படி வேறு. முதலில் ஆசிரியர், பிறகு பிரின்சிபல், பிறகு சூப்பரின்டென்டென்ட் அலுவலகம், கடைசியில்தான் போர்டு. நடுப்படியைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு, அதை எஃப்.என்.ஜி. பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் பேசினாலும் அன்று மாலையே ஒரு ஈமெயில் போட்டு, பேசியது இன்னதென்று எழுதி வைத்துவிடுங்கள். பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை 1974-ஆம் வருடத்துக் கூட்டாட்சிச் சட்டப்படி பெற்றோருக்கு உண்டு. கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் என்ன குற்றம் என்று சொல்லி, பிள்ளை தரப்பையும் கேட்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1975-இலேயே சொல்லியிருக்கிறது.

சேர்க்கை பற்றிச் சுருக்கமாக. பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, முகவரிக்கு வாடகை ஒப்பந்தமும் மின் கட்டண ரசீதும் கேட்பார்கள். டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. டொனேஷன் என்ற பேச்சே இல்லை. பிரின்சிபலுக்குப் பட்டுச் சேலை, ஸ்வீட் பெட்டி என்று போய் நின்று அவரைச் சங்கடத்தில் ஆழ்த்த வேண்டாம். விசாவைக் காரணம் காட்டிப் பள்ளி பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது. 1982-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதுவும் டெக்சாஸின் டைலர் என்ற ஊர் வழக்கில் வந்தது. வீட்டில் என்ன மொழி என்று ஒரு படிவம் வரும். ஆங்கில வகுப்பில் தனியாகப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு தேர்வு வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் உதவி வகுப்பு தருவதாகச் சொல்வார்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முக்கியமான கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை முழுசாகச் சொல்லும்?

போர்டு என்பதும் அசைக்க முடியாத அமைப்பல்ல. ஹூஸ்டனில் 2023-இல் மாநில அரசே தலையிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தன் ஆட்களை நியமித்தது. கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள்: அங்கேயும் டிரஸ்டிகள் உண்டு, நிர்வாகத் தலைவருக்கு டைரக்டர் என்று பெயர். ஆனால் 2025 ஜூனில் டொரன்டோ போர்டு உட்படச் சிலவற்றை மாகாண அரசு மேற்பார்வையாளர் பொறுப்பில் கொண்டுவந்தது. போய் இறங்கியதும் இப்போது யார் கையில் அதிகாரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எச்-1பி, எச்-4, எல்-1 விசாவில் இருப்பவர், ஏன், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் டெக்சாஸில் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று குறியுங்கள். தெரியாமல் ஆம் என்று போட்டுவிட்டால் பிற்காலத்தில் குடியுரிமைக்கே வேட்டு.

ஓட்டில்லை என்பதால் பேச்சில்லை என்றாகாது. கூட்டத்தில் பேசலாம், எழுதலாம், ஆலோசனைக் குழுக்களில் உட்காரலாம். நம் ஊர் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்று இருந்தும், பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். டெக்சாஸில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் உடல்நலக் கல்விக்கென்று ஆலோசனைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களை போர்டு நியமிக்கிறது, பெரும்பான்மையினர் அந்த டிஸ்ட்ரிக்ட்டில் வேலை பார்க்காத பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மதிய உணவில் தொடங்கி விளையாட்டு நேரம் வரை அங்கே பேச்சு வரும். பெரும்பாலும் ஆள் கிடைக்காமல்தான் தவிப்பார்கள். விண்ணப்பம் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.